‘இதே நாளில்’ பலகை வைக்கப் போகிறீர்களா? செப்டம்பர் 11-ல் நான் பட்ட பாடு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, உலகத்தில் அதே தேதியில் நடந்த முக்கியமான நிகழ்வுகளையெல்லாம் சுவரில் வைக்க வேண்டும். ஒரு ராத்திரி உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்து, செப்டம்பர் 11 என்று பெயர் கொடுத்துவிட்டேன். எட்டுக்கு நாலடி ஃப்ளெக்ஸில் கொட்டை எழுத்தில் ‘1989: பெர்லின் சுவர் விழுந்தது’ என்று அடித்து வாசலில் கட்டினேன்.

காலை பத்து மணிக்கு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, இன்னொரு தரம் படித்தார். “தம்பி, இது தீபாவளி முடிஞ்சு அடைமழைல நடந்தது. ராஜீவ் தோத்தாரே, அந்த எலெக்‌ஷன் பிரச்சாரம் ஓடிக்கிட்டிருந்தது. நான் பி.பி.சி. தமிழோசைல கேட்டேன். செப்டம்பர்ல எப்பிடி வரும்?”

அவர் சொன்னதுதான் சரி. சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. நான் பார்த்த பட்டியலில் 11/9/1989 என்று இருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள் என்பது அந்த ராத்திரி எனக்கு உறைக்கவில்லை. நானூற்று எண்பது ரூபாய் ஃப்ளெக்ஸ் இப்போது எங்கள் வீட்டு விறகுக் குவியலுக்குக் கூரையாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் ஒழுங்காகச் செய்தோம். பள்ளி, நூலகம், குடியிருப்புச் சங்கம் என்று எங்கே இந்த வேலை உங்கள் தலையில் விழுந்தாலும் கீழே உள்ள வரிசையில் போனால் ஃப்ளெக்ஸ் காசாவது மிஞ்சும்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், ஐந்து வாரம் முன்னால்

உலக நிகழ்வு எத்தனை இருந்தாலும், உங்கள் ஊர்க்காரர் நின்று படிக்க அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றாவது வேண்டும். செப்டம்பர் 11 அந்த வகையில் வசதியான தேதி. 1893-ல் சிகாகோ சமய மாநாட்டில் விவேகானந்தர் முதல்முறை பேசினார். அவரை அனுப்ப இங்கே சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலானவர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள். 1906-ல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் காந்தி கூட்டிய கூட்டம். 1921-ல் பாரதி. 1948-ல் கராச்சியில் ஜின்னா மறைவு. 1957-ல் பரமக்குடியில், ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்குப் போராடிய இமானுவேல் சேகரன் கொலை. 1973-ல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2001-ல் நியூயார்க்.

இமானுவேல் சேகரன் பெயரை விட்டுவிடலாமே என்று வட்டத்தில் இருவர் இழுத்தார்கள். விடவில்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தேதி என்றாலே அவர்தான். அதை விட்டுவிட்டு சிலியைப் பற்றி மட்டும் எழுதினால் பலகையை யார் மதிப்பார்கள்?

ஐந்து வாரம் எப்படிப் பிரிப்பது என்றால்: பட்டியலுக்கு ஒரு வாரம், சான்று தேட இரண்டு வாரம், எழுதிப் படம் சேர்க்க ஒரு வாரம், பிழை பார்க்க ஒரு வாரம். கடைசி வாரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லா வேலையும் பின்னால் தள்ளிப்போய் அதைத்தான் தின்னும்.

2. பட்டியலில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டு, மாதத்தின் பெயர், தேதி, கிழமை, ஊர், உள்ளூர் நேரம், எங்கே பார்த்தேன். இந்த ஏழும் எழுதாமல் அடுத்த நிகழ்வுக்குப் போகக் கூடாது. 11.9, 9.11, 9/11 என்று எண்ணாக எழுதவே எழுதாதீர்கள். ஜெர்மானியர் 9.11 என்று எழுதினால் நவம்பர் 9. அமெரிக்கர் 9/11 என்றால் செப்டம்பர் 11. நாம் 11/9 என்று எழுதினால் அதுவும் செப்டம்பர் 11.

கிழமை எதற்கு என்று கேட்பீர்கள். அதுதான் இருப்பதிலேயே மலிவான சோதனை. 1989 செப்டம்பர் 11 திங்கள்கிழமை. நவம்பர் 9 வியாழன். நான் படித்த கட்டுரையிலேயே ‘வியாழன் மாலை’ என்று இருந்தது. கைப்பேசி நாட்காட்டியை அந்த ஆண்டுக்குத் தள்ளிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். (1906, 1973, 2001 மூன்றிலும் செப்டம்பர் 11 செவ்வாய்க்கிழமை. இதைப் பலகையில் ஓர் ஓரத்தில் போட்டோம். பிள்ளைகள் அதைத்தான் போன் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

தவறாகப் போட்ட ஒன்றைத் தூக்கி எறியும் முன், அதே தேதியில் அதோடு சேர்ந்த வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இருந்தது. 1989 செப்டம்பர் 11 நள்ளிரவு பிறந்ததிலிருந்து, ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லையைக் கிழக்கு ஜெர்மானியர்களுக்குத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் அந்த வழியாக மேற்கே போனார்கள். சுவர் விழ இரண்டு மாதம் முன்னால். அடுத்த வருஷம் அதே இடத்தில் இதை எழுதி வைத்தேன். தபால்காரரும் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

3. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சான்று

வாட்ஸ்அப்பில் வருவது ஒரு சான்றும் இல்லை. ‘வரலாற்றில் இன்று’ என்று வரும் பட்டியல் பத்தும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை, அதனால் பத்தும் சேர்ந்தாலும் ஒன்றுதான்.

சான்றாக நான் எடுத்துக்கொள்வது: அந்தக் காலத்துச் செய்தித்தாள், சம்பந்தப்பட்டவர் தானே எழுதியது, அரசு ஆவணம், ஆய்வாளர் எழுதிய வாழ்க்கை வரலாறு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காசில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நேரில் போவதென்றால் எழும்பூர் கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அடையாள அட்டையும், என்ன ஆண்டு, என்ன இதழ் என்று எழுதிய துண்டுச் சீட்டும் கொண்டுபோங்கள். “செப்டம்பர் 11 பற்றி ஏதாவது” என்று கேட்டு நின்றால் ஒரு நாள் வீண். எனக்கு வீணானது.

செய்தித்தாளில் ஒரு கண்ணி இருக்கிறது. தாளின் தலையில் இருக்கும் தேதி நிகழ்வின் தேதி ஆகாது. எவரெஸ்ட் உச்சியில் ஹிலாரியும் டென்சிங்கும் நின்றது 1953 மே 29. லண்டன் தாளில் வந்தது ஜூன் 2, ராணிக்கு முடிசூட்டிய அன்று. தாளை மட்டும் பார்த்து எழுதினால் நாலு நாள் தள்ளிப்போகும்.

சட்டம், ஒப்பந்தம் என்றால் இன்னும் கவனம். நிறைவேறிய நாள், கையெழுத்தான நாள், நடைமுறைக்கு வந்த நாள் எல்லாம் வேறு வேறு. நம் அரசியலமைப்பே 1949 நவம்பர் 26-ல் ஏற்கப்பட்டு 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றது 1776 ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. எந்த நாளை எழுதுகிறீர்களோ அதற்குரிய வினைச்சொல்லைப் போடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

4. எந்த நாட்காட்டி?

இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி வந்தது 1582-ல். அதற்கு முன் நடந்தது என்றால் ஆவணத்தில் உள்ள தேதியை அப்படியே விட்டுவிடுங்கள், மாற்றவேண்டாம். அதற்குப் பிறகு என்றால் அந்த நாடு எப்போது புதிய நாட்காட்டிக்கு மாறியது என்று பார்க்க வேண்டும். ரஷ்யா மாறியது 1918-ல். அதனால்தான் ‘அக்டோபர் புரட்சி’ நவம்பர் 7-ல் கொண்டாடப்பட்டது. கிரீஸ் 1923 வரை இழுத்தது.

எங்கள் தேதியிலேயே ஒரு வேடிக்கை கிடைத்தது. பிரிட்டன் 1752-ல் மாறியபோது செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 வியாழன். நடுவில் பதினோரு தேதி கிடையாது. அப்படியென்றால் 1752-ல் பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் செப்டம்பர் 11 என்று ஒரு நாளே இல்லை. ஒரு சார்ட்டில் ‘1752’ என்று மட்டும் எழுதி, கீழே வெற்றாக விட்டு, ‘ஏன்?’ என்று போட்டோம். அன்றைக்கு அதிகம் கூட்டம் நின்றது அந்த வெற்று சார்ட் முன்னால்தான்.

5. யாருடைய கடிகாரம்?

நிகழ்ந்த இடத்தின் தேதியையே போடுங்கள், ஆனால் நம் நேரத்தையும் பக்கத்தில் கணக்குப் பார்த்து எழுதுங்கள். நியூயார்க் கோபுரத்தில் முதல் விமானம் மோதியது காலை 8.46. இங்கே மாலை 6.16. “டி.வி.ல பாத்துக்கிட்டிருக்கும்போதே ரெண்டாவது மோதுச்சு” என்று பெரியவர்கள் சொல்வது 6.33. அந்த ஒரு எண்ணைப் போட்டதும் ஆளாளுக்கு அன்றைக்குச் சாயங்காலம் தான் எங்கே இருந்தேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

சில தேதிகள் நம் பக்கம் வரும்போது மாறிவிடும். நிலவில் கலம் இறங்கியது அமெரிக்காவில் 1969 ஜூலை 20. இங்கே அப்போது ஜூலை 21 அதிகாலை 1.47. ஜூலையில் பலகை வைப்பவர்கள் இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்களுக்கு உள்ளூரிலேயே சிக்கல் வந்தது, பாரதியால். திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 ராத்திரி, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். கடிகாரப்படி அது 12. பஞ்சாங்கக் கணக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள், ஆகவே 11. அரசும் 2021-ல் செப்டம்பர் 11-ஐத்தான் மகாகவி நாள் என்று அறிவித்தது. நாங்கள் என்ன செய்தோமென்றால், ‘செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து’ என்று எழுதினோம். அப்படியும் ஒரு தமிழாசிரியை வந்து 12 என்றார். எழுதியிருப்பதைக் காட்டினேன். “சரி, தப்பிச்சுக்கிட்டீங்க” என்றார்.

அதே சார்ட்டில் இன்னொரு இடமும் வழுக்கும். ‘யானை மிதித்து இறந்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். யானை தள்ளிய பிறகு தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் நூலகம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தவர் அவர். இறந்தது வயிற்றுக் கடுப்பால்.

6. வரியை எழுதும்போது

ஒரு நிகழ்வுக்கு நாற்பது சொல் போதும். நின்றுகொண்டு அதற்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள்.

சொல்லைப் பார்த்து எடுங்கள். சிலி அதிபர் அயெந்தே ‘சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்று முதல் வருஷம் எழுதியிருந்தேன். குண்டுவீச்சுக்கு நடுவே மாளிகைக்குள் அவர் தன்னையே சுட்டுக்கொண்டார் என்பதை 2011-ல் நீதிமன்ற உத்தரவின்பேரில் நடந்த உடற்கூறு ஆய்வும் உறுதி செய்தது. இப்போது ‘ராணுவம் முற்றுகையிட்ட மாளிகைக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார்’ என்று எழுதுகிறோம்.

எண்ணையும் அப்படித்தான். 2001-ல் இறந்தவர்கள் 2,977 என்று ஓரிடத்திலும் 2,996 என்று இன்னோரிடத்திலும் பார்ப்பீர்கள். இரண்டும் தப்பில்லை. பின்னதில் விமானங்களைக் கடத்திய 19 பேரும் அடக்கம். பலியானவர்கள் என்று எழுதினால் முதல் எண்தான்.

காந்தி சார்ட்டில் எல்லோரும் ‘சத்தியாகிரகம் பிறந்த நாள்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். டிரான்ஸ்வால் அரசு கொண்டுவந்த ஆசியர் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று அந்தத் தியேட்டரில் எல்லோரும் எழுந்து நின்று உறுதி எடுத்தார்கள், அது உண்மை. ஆனால் அந்தச் சொல் அன்றைக்கு இல்லை. பிற்பாடு பெயர் தேடி, மகன்லால் காந்தி ‘சதாகிரகம்’ என்று சொல்ல, காந்தி அதைத் திருத்தி ‘சத்தியாகிரகம்’ ஆக்கினார். காந்தியே தன் தென்னாப்பிரிக்க நூலில் இதை எழுதியிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் கயிறு கட்டி இழுத்து ஒன்று சேர்க்காதீர்கள். ‘ஒரே நாளில் சமாதானமும் வன்முறையும்’ என்று தலைப்புப் போட்டால் ஏதோ விதி விளையாடுகிறது என்று ஜோசியம் ஆரம்பித்துவிடும். வருஷத்தில் 366 தேதிதான் இருக்கிறது, நிகழ்வுகள் லட்சம். தற்செயலாக ஒன்று சேரத்தான் செய்யும். சில தேதிகள் மட்டும் நிஜமாகவே ஒன்றோடொன்று பின்னியவை. 1923 நவம்பர் 9-ல் ஹிட்லரின் கலகம் மியூனிக்கில் தோற்றது. அதன் நினைவு நாளுக்காக 1938-ல் கட்சிக்காரர்கள் அங்கே கூடியிருந்தபோதுதான் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசி, யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் எரிக்கும் அந்த ராத்திரி தொடங்கியது. அப்படி ஆதாரம் இருந்தால் இரண்டு சார்ட்டுக்கு நடுவே நூல் கட்டுங்கள்.

7. படங்கள்

இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கு, 2012 வரை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் உரிமை; இப்போது, எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். அப்போதே வெளியான 1893, 1906, 1921 படங்களுக்குப் பழைய கணக்கிலேயே உரிமை முடிந்துவிட்டது, கவலையில்லை. 1973, 2001 படங்கள் பெரும்பாலும் செய்தி நிறுவனங்களுடையவை, எடுக்காதீர்கள். அவற்றுக்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை வைத்து வரைபடம் போட்டோம். சிலி எவ்வளவு ஒல்லியான நாடு என்று அவன் வரைந்ததைப் பார்த்துதான் பலருக்குத் தெரிந்தது.

பழைய படத்திலும் தலைப்பைச் சரிபாருங்கள். கை கட்டி நிற்கும் விவேகானந்தர் படம் சிகாகோவில் ஸ்டூடியோவில் எடுத்தது. ‘மேடையில் பேசியபோது’ என்று கீழே எழுதக் கூடாது.

8. செலவு

போன வருஷக் கணக்கு: சார்ட் பேப்பர் பன்னிரண்டு 120 ரூபாய், கருப்பு வெள்ளைப் பிரிண்ட் முப்பது 60, ஏ3 கலர் ஆறு 240, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் 80, மார்க்கர் நாலு 100. ஆக 600. டீக்கும் சுண்டலுக்கும் 450. மொத்தம் 1,050. சென்னை போய்வந்த பஸ் காசு என் கையிலிருந்து.

ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். பிழை வந்தால் சார்ட்டில் துண்டுத் தாள் ஒட்டலாம், ஃப்ளெக்ஸில் என்ன ஒட்டுவீர்கள்? தவிர அதைக் கட்ட வாசலில் இடம், அனுமதி என்று தனி அலைச்சல்.

நூலகருக்கு ஒரு பக்கக் கடிதம் மூன்று வாரம் முன்னால் கொடுங்கள். தேதி, நேரம், எந்தச் சுவர், என்னென்ன நிகழ்வு என்று முழுப் பட்டியலோடு. பட்டியலைப் பின்னிணைப்பாக வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், அன்றைக்குக் காலையில் யாராவது ‘இது எதற்கு’ என்று கேட்கும்போது காட்டலாம். எங்களுக்கு ஒருமுறை தேவைப்பட்டது.

9. அன்றைக்கு

சுவரின் கடைசியில் ஒரு காலி சார்ட் ஒட்டி, ‘தவறு கண்டால், விட்டுப்போனது இருந்தால் எழுதவும்’ என்று போட்டு, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் முக்கியம், முதல் அரை மணியில் எங்கள் பேனா காணாமல் போனது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை எடுத்துப் படித்து, உறுதியான திருத்தங்களை மறுநாளே நோட்டில் ஏற்றுங்கள். எத்தியோப்பியாவின் புத்தாண்டு பெரும்பாலும் செப்டம்பர் 11-ல்தான் வருகிறது என்பது எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. சரிபார்த்தோம், சரி. (அவர்களின் லீப் ஆண்டுக்கு மறு வருஷம் 12-ல் வரும்.)

போன வருஷம் அதே சார்ட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘எங்க ஆயா பொறந்ததும் செப்டம்பர் 11. ஆதார்ல மட்டும் ஜூன் 1.’ அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் சான்று கேட்டேன்.

“ஆயாவே சொன்னுச்சு.”

“ரெண்டாவது?”

“பெரிய ஆயா.”

அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கிழமை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.